மாமா கேட்டதும் அவர் கேட்டதும்

பதுளையில் ஓர் அரச அலுவலகம். என்னுடன் வந்த சகோதரி பசறைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். 1983 வன்செயலின் பின் அவரது குடும்பம் வன்னியில் குடியேறியது. 2009 இல் கணவர் காணாமற்போக, பிள்ளைகளுடன் மீண்டும் லயத்துக்கே வந்தார். விண்ணப்பம் இழுபடுவதாக முறையிடவே அன்று போயிருந்தோம். அவருக்காகப் பேச வந்தவர் தாய்மாமன், முன்னாள் தோட்டத் தலைவர்.

மாமா போனவுடனேயே மேசையில் தட்டினார். "மரணச் சான்றிதழ் குடுக்க எத்தனை வருஷம்?" எழுதுவினைஞரான இளம்பெண்ணை ஒருமையில் ஏசினார். அதிகாரி கோப்பை மூடிவிட்டார்.

பேச வந்தவரின் சத்தத்துக்காக முறைப்பாட்டையே தள்ளிவைப்பது நியாயமல்ல. பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவர் முறையிடலாம் என்பதை 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமும் ஏற்கிறது. மாமாவும் கெட்டவரல்லர். அரைப்பேரை முழுப்பேராக்கத் தோட்ட ஆபீஸில் சத்தம் போட்டே பழகியவர்.

விறாந்தைக்கு அழைத்துவந்து பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டு எழுதி, வாசித்தும் காட்டினேன். பிறகே சொன்னேன்: "மாமா, அந்தப் பிள்ளையை ஏசினது சரியில்லை. இனியும் ஏசினால் உங்களை வெளியே இருக்கச் சொல்லுவேன். ஆனால் உங்கட சிங்களம் எங்களுக்கு வேணும்."

அடுத்து சகோதரியிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்றேன். அதுவரை அதை ஒருவரும் கேட்கவில்லை, நானுந்தான்.

"மாமா கேக்குற சான்றிதழ் எனக்கு வேணாங்க அக்கா. அவரு செத்துட்டாருன்னு நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

இறந்ததாகப் பதியாமலே, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. நலன்புரி உதவிக்கும் சொத்து விடயங்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினோம். மாமா மொழிபெயர்க்கலாம், கடிதங்களைப் பெறலாம். முடிவு சகோதரியுடையது என்றும் சேர்த்தோம். சகோதரி கையொப்பமிட்டார்.

திரும்பப் போனபோது முதலில் அவரே தமிழில் பேசினார். மாமா சிங்களத்தில் சொன்னார். இடையில் ஒரு தடவை குரல் ஏறியது. கொப்பியை அவர் முன் தள்ளினேன், அடங்கிவிட்டார். அதிகாரி புதிய படிவம் தந்தார். எழுதுவினைஞரிடம் மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்குக் குறைதான்.

பசறை பஸ்ஸில் வெகுநேரம் கழித்து மாமா கேட்டார்: "ஏன் புள்ள, எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எனக்காகத்தானே பேசுனீங்க" என்றார் அவர்.