பயணம் குறைந்த பயிற்சி

கற்பதற்காகத் தொலைவு செல்லுதல் தமிழர்க்குப் பழகிய ஒழுக்கம். அத்தொலைவுக்காகக் காற்றும் நிலமும் கொடுக்கும் விலை யாது என எண்ணிப் பார்க்கும் தேவை முன்னோர்க்கு இருக்கவில்லை. இன்று அத்தேவை எழுந்துள்ளது.

கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த ஊர் காரைதீவு. 1892ஆம் ஆண்டு இங்கே பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். துறவு பூணுமுன் மயில்வாகனம் என்னும் பெயருடன் ஆசிரியப்பணி புரிந்த அவர், 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதன் பொருட்டு அவர் இலண்டனில் தங்கிப் பயின்றாரல்லர். இலங்கையில் இருந்தவாறே படித்துப் பரீட்சை எழுதினார். தன் வாயிலுக்கு வாராத மாணவரையும் 1858 முதல் அப்பல்கலைக்கழகம் பரீட்சித்து வந்தது. தொழில் செய்துகொண்டே இருந்த இடத்திற் கற்றல் இவ்வூருக்குப் புதிதன்று.

இப்பகுதி ஆசிரியர் ஒருவர் கொழும்பிற் பயிற்சி பெற வேண்டுமாயின் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் செல்ல வேண்டும். இருப்புப்பாதையோ மட்டக்களப்புடன் நின்றுவிடுகிறது. பத்துப்பேர் ஒரு வானிற் சென்று மீள்வதாகக் கொள்வோம். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினும் 600 கிலோமீற்றருக்கு 60 லீற்றர் டீசல் வேண்டும். ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். ஆகவே அப்பயணத்தின் சுமை சுமார் 160 கிலோகிராம்.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழக ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வளாகக் கல்வியைவிடத் தொலைக்கல்விக்குச் சக்தி ஏறத்தாழ 90 வீதமும், காபனீரொட்சைட்டு 85 வீதமும் குறைவு எனக் கண்டது. அச்சுப் பாடத்தை விடுத்துக் கணினிக்கு மாறியதால் விளைந்த மேலதிக நன்மையோ சிறிதே. ஆதாயத்தின் பெரும்பகுதி பயணமும் விடுதி வாழ்வும் குறைந்ததனால் வந்தது, திரையினால் வந்ததன்று.

திரைக்கும் செலவு உண்டு. ஒரு மணிநேரக் காட்சி உரையாடலால் 150 முதல் 1000 கிராம் வரை காபனீரொட்சைட்டு உண்டாகும் என 2021இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் மதிப்பிட்டனர். மேற்கூறிய பத்துப்பேரும் நாளுக்கு ஆறு மணிநேரமாக இரு நாள் பயின்றால், மேலெல்லைக் கணக்கில் அது 120 கிலோகிராமாகும். படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்பினால் 96 வீதம் குறையும் என்றும் அவர்களே கூறினர். விரிவுரைக்குக் குரலே பெரும்பாலும் போதுமென்பதை வானொலி நேயர் நன்கு அறிவர்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு இவ்வுண்மையின் இருபுறத்தையும் இலங்கைக்குக் காட்டியது. பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையவழிக்கு மாறின. அவ்வாண்டிலேயே நீண்ட மின்வெட்டும் நிகழ்ந்தது. மின்சாரமும் தொடர்பும் இல்லாதார்க்கு இணையவழிப் பயிற்சி எட்டாக்கனியே.

ஆதலின் தரம்பிரித்து அமைத்தலே தக்கது. கோட்பாடும் பாடத்திட்ட விளக்கமும் இணையவழியாலோ அச்சேட்டாலோ வீடு சேரலாம். பிரசவம் பார்க்கும் தாதியும், படகு இயந்திரம் திருத்தும் தொழிலாளியும் கைபழகியே தேற வேண்டும். அவர்க்கு அட்டாளைச்சேனை, ஒலுவில், மட்டக்களப்பு முதலிய அண்மை ஊர்களிற் பயிற்சிக்கூடம் அமைதல் வேண்டும். பத்துப்பேர் ஒருவரை நாடிச் செல்வதினும், ஒருவர் பத்துப்பேரை நாடி வருதல் நன்று. கைக்குழந்தையை விட்டு நெடும்பயணம் போக இயலாத ஆசிரியைக்கும் அப்போது பயிற்சியின் கதவு திறக்கும்.