தார்க் கறைக்குத் தேங்காய் எண்ணெய்

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன். திருவள்ளூர் மாவட்டத்தின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அதில் கொட்டிய எரிஎண்ணெய், எண்ணூர்க் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் மாணவர்களும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். இந்தக் கூழ் துணியிலோ பூட்ஸிலோ ஒட்டினால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ரோடு போடும்போது உங்கள் பள்ளி ஷூவில் ஒட்டும் தாரும் அப்படித்தான். இரண்டும் ஒரே குடும்பம். கச்சா எண்ணெயைச் சூடாக்கினால் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ஆவியாகிப் பிரிந்துவிடும். கடைசியில் அடியில் தங்குகிற கெட்டிப் பொருளிலிருந்துதான் ரோட்டுத் தார் கிடைக்கிறது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடப்பது இதுதான்.

தண்ணீர் ஏன் தோற்கிறது? தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான நேர்மின்னூட்டம், மறுபக்கம் எதிர்மின்னூட்டம். அதனால் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தாரில் இருப்பவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள். அவற்றில் அப்படிப்பட்ட மின்னூட்டம் மிகக் குறைவு. தண்ணீர்க் கூட்டத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை. தேங்காய் எண்ணெயோ தாருக்குச் சொந்தக்காரன் மாதிரி. தார் மூலக்கூறுகளுக்கு நடுவே நுழைந்து, அவற்றை மெல்ல இளக்கிவிடும்.

ஆனால் எடுத்தவுடன் எண்ணெய் ஊற்றக் கூடாது. முதலில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு, கறைமேல் வையுங்கள். குளிர்ந்த தார் இறுகி, உடையும் பக்குவத்துக்கு வரும். பழைய ஸ்பூனால் சுரண்டுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். இளகிய தார் நூலிழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். மிச்சமிருப்பதன்மேல் சில சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். துணி கறுக்கக் கறுக்க வேறு துணி மாற்றுங்கள்.

இப்போது தார் போய் எண்ணெய்க் கறை நிற்கும். அதற்குத்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நடுவில் நின்று எண்ணெயைத் தண்ணீரோடு அனுப்பிவிடும். எனக்கு இந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்!

மழைக்கோட்டாக இருந்தால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வழவழப்பான தோல் ஷூவுக்கு மிகக் குறைந்த எண்ணெய் போதும். வெல்வெட் மாதிரி இழை எழும்பிய தோல் ஷூவுக்கு எண்ணெயே கூடாது. ஐஸும் சுரண்டலும் மட்டும்தான்.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தாரை இன்னும் வேகமாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அவை தோலில் பட்டால் எரிச்சலும் வரும். ரப்பர் அடிப்பாகமும் பெட்ரோலை உறிஞ்சி உப்பிப் போகும். அந்தப் பக்கமே போகாதீர்கள். ரோட்டில் கொட்டும் புதுத் தாரோ 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும். அது ஆறும்வரை கிட்டேயே போகக் கூடாது.