கிணற்றுக்கு வாசல் வைக்கும் கலை

பெங்களூரு லால்பாக்கில் இருக்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. நகரத்துப் போர்வெல்கள் பெரும்பாலும் இறங்குவது இந்த வகைக் கல்லில்தான். மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் குழாய் இறக்குவார்கள். கெட்டிப் பாறை தொட்டதும் குழாய் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளைதான். கல்லின் வெடிப்புகள் வழியே தண்ணீர் தானாக வந்து சேரும்.

காவிரிப் படுகையில், நரிமணம் போன்ற எண்ணெய் வயல்களில், பூமி வேறு மாதிரி. அங்கே இருப்பது அடுக்கடுக்கான படிவுப் பாறை. ஒரு அடுக்கில் எண்ணெய், இன்னொன்றில் தண்ணீர். இரண்டும் கலக்காமலும், துளை இடியாமலும் இருக்க, எஃகுக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் நிரப்புவார்கள். இப்போது கிணறு பத்திரமாக இருக்கிறது. ஆனால் வாசலே இல்லாத வீடு அது.

வாசல் திறக்க 'பெர்ஃபரேட்டிங் கன்' என்ற கருவியை எண்ணெய் அடுக்கின் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு வெடிமருந்துக்கும் கூம்பு வடிவக் குழி உண்டு. குழியின் உட்புறம் உலோகத் தகடு. வெடித்ததும் தகடு ஊசிபோல் பீறிட்டு, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் எஃகையும் சிமென்ட்டையும் துளைத்துப் பாறைக்குள் பாயும். இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் துளைத்த அதே தத்துவம்!

கிணறு எவ்வளவு தரும் என்பது இந்தத் துளைகளின் அமைப்பைப் பொறுத்தது. தோண்டும்போது பயன்படுத்திய சேறு, கிணற்றை ஒட்டிய பாறையின் நுண்துளைகளை அடைத்திருக்கும். துளை அந்த அடைப்பைத் தாண்ட வேண்டும். எல்லாத் துளையும் ஒரே பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கத்து எண்ணெய் சுற்றி வர வேண்டும். அதனால் 60 பாகைக்கு ஒன்றாகச் சுருள்போல் வைப்பதுண்டு. உதிரி மணலாக இருந்தால் ஆழத்தைவிட அகலத்துக்கே முதலிடம். வாய் அகன்றால் ஓட்டம் நிதானப்படும், மணலும் குறைவாக வரும். வெடிப்பில் நொறுங்கிய பொடி துளையையே அடைக்கும் என்பதால், பல சமயம் கிணற்றுக்குள் அழுத்தத்தைக் குறைத்துவிட்டே வெடிக்க வைக்கிறார்கள். உள்ளிருந்து பாய்ந்து வரும் எண்ணெய் பொடியைக் கழுவிக்கொண்டு வரும்.

பெங்களூரில் வற்றிய போர்வெல்லுக்கு மழைநீர் ஊட்டுகிறவர்களும் இதே பாடத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். கேசிங்கைச் சுற்றிக் குழி தோண்டி, குழாயில் துளையிட்டு, வலை சுற்றி, கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்புகிறார்கள். வலையில் வண்டல் அடைத்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. எண்ணெயோ தண்ணீரோ, பூமியில் இருப்பது நம் கைக்கு வர, வழி அடைபடாமல் இருக்க வேண்டும்.