தார்க் குளத்தின் மேல் ஒரு பூங்கா

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில், சிட்னி என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சிட்னிக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இங்கே 39 ஹெக்டேர் பரப்பில் விளையாட்டுத் திடல்களும் நடைபாதைகளுமாக விரிந்து கிடக்கிறது ஓப்பன் ஹார்த் பூங்கா. அதன் அடியில் சுமார் 7 லட்சம் டன் நச்சுச் சேறு இருக்கிறது. அதை அள்ளிச் செல்லவில்லை, எரிக்கவுமில்லை. இருந்த இடத்திலேயே இறுகச் செய்து மூடிவிட்டார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்?

ஓடையில் சேர்ந்த நஞ்சு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிய இரும்பு உருக்காலை எழுந்தது. தாதுவை உருக்கக் கோக் வேண்டும். கரிமூட்டத்தில் விறகைக் காற்றுப் புகாமல் கரியாக்குவதுபோல, நிலக்கரியைக் காற்றில்லாத சூளையில் சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் கோக் கிடைக்கும். கூடவே தாரும் பென்சீன் போன்ற பொருள்களும் வெளிவரும். பல பத்தாண்டுகளாக இவற்றின் கழிவு ஓடை வழியே இறங்கி, மகா கிரீக் என்ற கழிமுகத்தில் தேங்கியது. ஊர்மக்கள் அதைத் ‘தார்க் குளங்கள்’ என்றே அழைத்தார்கள்.

தாரில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவை நீரில் எளிதில் கரையாமல், நுண்ணிய வண்டலோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு கடலைச் சேரும் இடத்தில் நீரோட்டம் தளர்வதால் வண்டல் அங்கேயே படியும். சேற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லாததால், இந்த நஞ்சை உண்டு சிதைக்கும் பாக்டீரியாக்களின் வேலையும் மிக மெதுவாகவே நடக்கும். கழிமுகம் நஞ்சின் கிடங்காக மாறுவது இப்படித்தான். பழைய மின்சாதனங்களில் பயன்பட்ட பி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்களும் இங்கே கலந்திருந்தன. துறைமுகத்து சிங்கி இறால்களில் நஞ்சு ஏறியது தெரிந்ததும், 1982-இல் துறைமுகத்தின் தென்பகுதியில் சிங்கி இறால் பிடிப்பு நிறுத்தப்பட்டது. கோக் சூளைகள் 1988-இல்தான் மூடப்பட்டன.

தோற்றுப்போன உலை

1986-இல் மத்திய, மாகாண அரசுகள் சேற்றை வாரி எரிக்கும் திட்டத்தை அறிவித்தன. உலையும் கட்டப்பட்டது. ஆனால் கெட்டியான சேறு குழாய்களில் நகர மறுத்து அடைத்துக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக பி.சி.பி. இருப்பதும் தெரியவந்தது. பி.சி.பி.யை அரைகுறையாக எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகலாம்; பி.சி.பி.யை முழுமையாக அழிக்கும் கடும் வெப்பத்துக்கு அந்த உலை வடிவமைக்கப்படவில்லை. பல கோடி டாலர் செலவழிந்த பின் 1990-களின் நடுவில் திட்டம் கைவிடப்பட்டது. சேற்றில் என்ன இருக்கிறது என்று முழுதாக ஆராயும் முன்பே தீர்வைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது.

இதற்கிடையில் துன்பம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கோக் சூளை நிலத்தை ஒட்டிய ஃபிரடெரிக் தெருவில், வீடுகளின் அடித்தளம்வரை ஆர்செனிக் கலந்த கசிவு எட்டியது. 1999-இல் அரசு அங்கிருந்த குடும்பங்களை இடம்மாற்ற முன்வந்தது. மற்ற குடும்பங்களுக்கும் நியாயம் கேட்டு, சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் எலிசபெத் மே 2001-இல் கனடா நாடாளுமன்றத்தின் முன் 17 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

சிமென்ட் செய்த வேலை

2004-இல் தூய்மைப் பணிக்கு 40 கோடி கனடா டாலர் ஒதுக்கப்பட்டது. புதிய திட்டத்திலும் ஒரு பகுதிச் சேற்றை எரிக்கும் யோசனை இருந்தது, மக்கள் எதிர்த்தார்கள். பொது விசாரணைக்குப் பின், 2007-இல் அரசுகள் எரிப்பைக் கைவிட்டு, நஞ்சை இருந்த இடத்திலேயே திடப்படுத்தும் வழியை ஏற்றன.

முதலில் கழிமுகத்தின் வாயில் பாறைத் தடுப்பு கட்டி, சேறு கடலுக்குப் போகாமல் தடுத்தார்கள். ஓடை நீரைத் திசைதிருப்பினார்கள். பிறகு குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பொக்லைன் எந்திரங்களால் சேற்றில் சிமென்டைக் கலந்தார்கள். சிமென்ட் சேற்றிலுள்ள நீரோடு வினைபுரிந்து இறுகும். அதனால் நஞ்சு அழிந்துவிடாது. ஆனால் நுண்துளைகள் குறுகுவதால் நீர் எளிதில் ஊடுருவ முடியாது. ஓடும் நீர் தொடாத நஞ்சு பெரிதாக நகராது. தாரும் எண்ணெயும் சிமென்ட் இறுகுவதைக் கெடுக்கக்கூடியவை. எனவே திடப்படுத்திய சேற்றின் வலிமை, நீர் ஊடுருவும் வேகம், நஞ்சு கசியும் அளவு மூன்றையும் சோதித்தாக வேண்டும். இறுகிய சேற்றின் மேலே நீர்புகா விரிப்பு, சரளை, மண், கடைசியாகப் புல். 2013-இல் பூங்கா திறக்கப்பட்டது. சிங்கி இறால் பிடிப்பை நிறுத்தி அதற்குள் 31 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இது முழுமையான விடுதலை அல்ல. மேல்மூடி சிதையக் கூடாது என்பதால் அங்கே ஆழமாகத் தோண்ட முடியாது. நிலத்தடி நீரைத் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். புதைந்திருக்கும் நஞ்சுக்கு ஏற்பத்தான் அந்த நிலத்தின் எதிர்காலப் பயன்பாட்டைத் தீர்மானிக்க முடியும். கைவிடப்பட்ட கரையோர ஆலை நிலத்தில் குடியிருப்போ வணிக வளாகமோ வரப்போகிறது என்று எந்த ஊரில் யார் அறிவித்தாலும், மண் ஆய்வு முடிவுகளை முதலில் கேட்பது மக்களின் உரிமை. அடியில் விட்டுவைத்த நஞ்சை எது தடுத்து நிறுத்துகிறது, அதை எத்தனை காலம் யார் செலவில் கண்காணிப்பார்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். சிட்னியில் அந்தப் பொறுப்பு அரசின் தலையில், அதாவது வரி கட்டும் மக்களின் தலையில் விழுந்தது. சூளையின் வாசலிலேயே தாரைத் தடுத்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.