புறக்கடைக் கோழிகள்: நோய் நுழையும் வழிகளும் அவற்றை அடைக்கும் முறைகளும்

வீட்டின் பின்புறத்திலும் மாட்டுத்தொழுவத்தின் ஓரத்திலும் சில நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்ப்பதையே கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்கின்றனர். இவ்வளர்ப்பில் தீவனச் செலவு குறைவு. முட்டைக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை உண்டு. ஆயினும் அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளில் பாதிகூடத் தேறுவதில்லை என்ற மனக்குறை ஊர்தோறும் கேட்கிறது. நாட்டுக்கோழி வெயிலையும் அலைச்சலையும் தாங்கும் என்பது உண்மையே. அதனால் அதற்கு நோய் வராது என்று முடிவுகட்டுவதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குத் தொடக்கம். மேய்ந்து வளரும் உடலுறுதி வேறு, நச்சுயிரிகளை எதிர்க்கும் ஆற்றல் வேறு.

வெள்ளைக்கழிச்சல்

புறக்கடைக் கோழிகளை மொத்தமாக அழிக்கும் நோய்களில் முதலிடம் வெள்ளைக்கழிச்சலுக்கே உரியது. 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் இனங்காணப்பட்டதால் உலக நாடுகள் இதனை நியூகாசில் நோய் என்றும், இந்தியாவில் இமயமலைப் பகுதியின் ராணிகேத் ஊரில் கண்டறியப்பட்டதால் இங்குள்ளோர் இராணிக்கெட் நோய் என்றும் அழைக்கின்றனர். நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி, அதாவது உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகும் மிக நுண்ணிய கிருமி. நோயுற்ற கோழி தீனியெடுக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் உறங்கி வழியும்; வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும்; வாயைத் திறந்து மூச்சிழுக்கும்; சில நாள் தப்பிப் பிழைத்தவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால்கள் செயலிழக்கும். கோடை தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் இந்நோய் மிகுதியாகப் பரவுவதை வளர்ப்போர் அனைவரும் கண்டிருப்பர்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு ஆகியவற்றை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் கோழிக்குத் துணையாகலாமேயன்றித் தடுப்பூசிக்கு ஈடாகாது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, ஏறத்தாழ நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழ் ஊசி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. எட்டாம் வாரத்து ஊசியில் உள்ள கிருமி சற்று வீரியமானது. ஆதலால் அதனை இளங்குஞ்சுகளுக்கு முன்கூட்டியே போடுவது நோயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஊசி போட்டும் கோழி சாவது ஏன்?

தடுப்பூசி போட்ட பிறகும் கோழிகள் இறந்தன என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. காரணம் பெரும்பாலும் மருந்தைக் கையாண்ட முறையில் இருக்கிறது. இம்மருந்து உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் ஆனது; 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் அக்கிருமி உயிரோடிருக்கும். மருந்துக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் ஊர் வந்து சேர்ந்தால், ஊசியில் ஏறுவது வெறும் நீரே. பனிக்கட்டி இட்ட தெர்மோகோல் பெட்டியிலோ குடுவையிலோ கொண்டுவந்து, கலக்கிய 2 மணி நேரத்துக்குள் நிழலில் வைத்துப் போட்டுமுடிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், நோய் வந்த பிறகு ஊசியைத் தேடுவது. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும். ஊசியால் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும். ஆகவே தெருவில் கோழிகள் விழத் தொடங்கியபின் போடும் ஊசி, ஏற்கெனவே கிருமியைச் சுமக்கும் கோழியைக் காப்பதில்லை.

ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கான மருந்து இருக்க, எட்டுக் கோழி வளர்ப்பவர் அதனைத் தனியே வாங்கத் தயங்குவது இயல்பே. இதற்குத் தீர்வு தெருவே ஒன்று சேர்வதுதான். முதல் நாள் மாலை சொல்லிவைத்து, விடியலில் கூடு திறக்குமுன் வீடு வீடாகச் சென்றால், பஞ்சாரத்தைத் தூக்குவதற்குள் எல்லாக் கோழிகளும் கைக்குக் கிட்டும். பொழுது ஏறிய பின் வேலியோரம் துரத்திப் பிடிப்பதற்கு முடிவேயில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களில் இவ்வூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. பிடித்து ஊசி போட இயலாத இடங்களை எண்ணித் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனிபோலக் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது.

சந்தையிலிருந்து வரும் கோழி

நோய் பெரும்பாலும் நடந்து வருவதில்லை. கூடையில் தூக்கிக்கொண்டு வரப்படுகிறது. வாரச்சந்தையில் வாங்கிய சேவலையோ உறவினர் கொடுத்த பெட்டையையோ அன்றிரவே மற்றவற்றோடு அடைப்பது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம். மாற்ற வேண்டியவற்றுள் முதலாவதும் இதுவே. புதிய கோழியைக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம், தனிக்கூட்டில் தனித் தண்ணீர்க் கிண்ணத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறான மற்றொரு பழக்கமும் உண்டு: இரண்டு கோழிகள் சுருண்டதும் எஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பிவிடுவது. ஒரு வீட்டின் இழப்பைப் பத்து ஊர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இச்செயலை எந்தக் காரணத்தாலும் ஏற்க இயலாது.

ஈரமும் கொசுவும்

மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகள் எச்சத்தில் இரத்தம் கலந்து கழிந்தால் அது இரத்தக்கழிச்சல். குடலில் வாழும் ஓரணு ஒட்டுண்ணி இதன் காரணம். எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டைக்கூடுகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாளில் தொற்றும் தன்மை பெறுகின்றன; உலர்ந்த தரையில் அவை முதிர்வதில்லை. ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல்லின் மேல் உயர்த்தி வைப்பதும், தரையில் இட்ட நெல் உமியை நாள்தோறும் கிளறி, நனைந்த பகுதியை அள்ளிப் போடுவதும் பாதி மருத்துவமாகும். மீதிப் பாதிக்கான மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே கூற வேண்டும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்களாகத் தோன்றும் கோழியம்மையைக் கொசுக்கள் பரப்புகின்றன. மனிதருக்கு வரும் சின்னம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அம்மை கண்ட குஞ்சுகளில் பல, கொப்புளங்கள் கண்ணை மூடிவிடத் தீனி தெரியாமல் பட்டினியால் இறக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துக் கூழையும் நீரையும் சிறிது சிறிதாகப் புகட்டினால் பல பிழைத்துக்கொள்ளும்.

இரவில் இரத்தம் குடிக்கும் செள்ளு

நன்றாக அடையில் இருந்த கோழி காரணமின்றி முட்டைகளை விட்டு எழுந்துபோனாலோ, கொண்டை வெளிறிப்போனாலோ இரவு ஒன்பது மணிக்கு மேல் கைவிளக்குடன் கூட்டைச் சோதிக்க வேண்டும். இரத்தம் குடிக்கும் சிவந்த செள்ளு பகலில் மரச்சட்ட இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் மட்டுமே கோழியின் மேல் ஏறும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு அது அகப்படாது. மருந்து கோழிக்கன்று, கூட்டின் இடுக்குகளுக்கே முதலில் வேண்டும்: கூட்டைக் காலிசெய்து, இடுக்குகளில் சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட வேண்டும். கோழிப்பேனுக்குச் சாம்பலும் உலர்மண்ணும் கலந்த குழி பயன்தரும். வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியில் கோழியை முக்கியெடுப்பது கோழியையும், அதன் முட்டையை உண்போரையும் நஞ்சுக்கு உள்ளாக்கும்.

வளர்ப்போர் உடல்நலம்

நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். அது மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதன் தாக்கம் கடுமை. எனவே குஞ்சுகளைக் குழந்தைகள் முகத்தோடு அணைத்துக் கொஞ்சுவதைத் தவிர்ப்பதும், கூட்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், முட்டையை மஞ்சள்கரு இறுகும்வரை வேகவைப்பதும் அவசியம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் கழியும்வரை உண்ணலாகாது.

இறந்த கோழியைக் குளத்திலோ சாலையோரத்திலோ எறியாமல் மூன்றடி ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென இறந்தால் அது பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அவற்றைத் தொட்டு அறுத்துச் சமைக்காமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே தகவல் தெரிவிக்க வேண்டும்.