ஆரம்ப வைத்திய சேவையில் காப்புப் பணியும் வைத்தியரின் தலைமையும்: பூநகரிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

'பாதுகாப்பு' என்னும் சொல் வன்னியிலே பல ஆண்டுகளாகக் காவலரண்களையும் சோதனைச் சாவடிகளையுமே நினைவூட்டி வந்துள்ளது. 1993 நவம்பரில் பெருஞ்சமர் நிகழ்ந்ததும் 2008 நவம்பரில் மீண்டும் கைமாறியதுமான பூநகரியில் அச்சொல்லுக்கு அப்பொருள் ஏற்பட்டமை வியப்பன்று. ஆயின் மருத்துவத்துறையில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. சிறுவர், வன்முறைக்குள்ளாகும் பெண்கள், தள்ளாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் துன்புறுத்தலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகாமல் தடுப்பதும், ஆளாகியிருப்பின் அதனைக் காலத்தோடு கண்டறிந்து உதவிக்கு வழி செய்வதும் அப்பொருளில் அடங்கும். மயக்கந் தவிர்க்கும் பொருட்டு இதனை ஈண்டுக் 'காப்புப் பணி' எனக் குறிப்போம். இப்பணியிலே ஆரம்ப வைத்திய சேவையைச் சார்ந்த வைத்தியர் ஏற்க வேண்டிய தலைமை எத்தகையது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுவர் துன்புறுத்தல் மருத்துவர் கவனிக்க வேண்டிய பொருளாக ஏற்கப்பட்ட வரலாறு நீண்டதன்று. 1962 இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி கெம்பேயும் அவருடைய சகாக்களும் அடிக்கப்பட்ட குழந்தைகளிடம் காணப்படும் காயங்களின் தன்மையை விவரித்து வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்பமாக அமைந்தது. விபத்து எனப் பெற்றோர் கூறும் விளக்கத்துக்கும் காயத்தின் தன்மைக்கும் இடையே பொருத்தம் உண்டா என்று வினவுதல் வைத்தியரின் கடமை என்பதை அது நிலைநாட்டிற்று.

எனினும் ஒரு வைத்தியர் வினவுதல் மட்டும் போதாது என்பதை 2000 பெப்ரவரியில் இலண்டனில் உயிரிழந்த எட்டு வயதுச் சிறுமி விக்ரோறியா கிளிம்பியேயின் கதி உணர்த்தியது. அவளது உடலில் 128 காயங்கள் காணப்பட்டன. வைத்தியசாலைகள், சமூக சேவைப் பிரிவுகள், பொலிஸ் ஆகியவற்றின் பார்வைக்கு அவள் முன்னரே வந்திருந்தாள். லோர்ட் லேமிங் 2003 இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை அவளைக் காப்பதற்கிருந்த வாய்ப்புகள் மீண்டும் மீண்டும் தவறவிடப்பட்டமையை எடுத்துக் காட்டியது. ஒவ்வொருவரும் ஒரு துண்டை அறிந்திருந்தனர். துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பார் எவருமிலர்.

இக்குறையை நிவர்த்தி செய்யும் முயற்சிகளுள் ஒன்றாகவே, இங்கிலாந்தின் பொது வைத்திய நிலையங்களில் வைத்தியர் ஒருவரைக் காப்புப் பணிக்குப் பொறுப்பாளராகப் பெயர் குறித்து நியமிக்கும் வழக்கம் வேரூன்றியது. அவருடைய கடமைகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, நிலையத்தின் ஊழியர் அனைவரும் அறிகுறிகளை இனங்காணப் பயிற்றுவித்தல். இரண்டாவது, ஐயம் எழும்போது எவரும் தயங்காது அணுகத்தக்கவராக இருத்தல். மூன்றாவது, பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒருங்கிணைத்தல். நான்காவது, தாதியர், சமூக சேவையாளர், பொலிஸ் ஆகியோருடன் இடையறாத தொடர்பைப் பேணுதல். பிற ஊழியர்களின் பொறுப்பு இதனால் நீங்கிவிடுவதில்லை. அனைவரின் பொறுப்பும் எவருடைய பொறுப்புமாகாது போய்விடாமல் தடுப்பதே இந்நியமனத்தின் பயனாகும்.

இவ்வமைப்பை அவ்வாறே பெயர்த்தெடுத்துப் பூநகரியில் நாட்டிவிட இயலுமா? இயலாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வைத்திய நிலையத்தில் பதிவு பெற்றிருக்கும். அதன் மருத்துவ வரலாறு அங்கே பேணப்படும். இலங்கையிலோ நோயாளி தான் விரும்பிய இடத்தை நாடலாம். இன்று முழங்காவில், நாளை கிளிநொச்சி, 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின் எளிதில் யாழ்ப்பாணம் எனப் பல இடங்களில் ஒரே பிள்ளையின் காயங்களுக்கு மருந்து கட்டப்படலாம். பாலம் மக்களுக்குப் பெருநன்மை செய்தது. ஆயினும் மறைக்க விரும்புவோருக்கும் அது வழி திறந்தே உள்ளது.

ஆனால் இங்கிலாந்தை நோக்கி ஏங்கத் தேவையில்லாத ஒரு செல்வம் நம்மிடம் உண்டு. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அதன் குடும்பநல மாதருமே அச்செல்வம். கர்ப்பிணியைப் பதிவு செய்பவரும், பிரசவத்தின் பின் வீடு தேடிச் செல்பவரும், குழந்தையின் நிறையை மாதந்தோறும் குறிப்பவரும் குடும்பநல மாதே. கௌதாரிமுனையிலோ கிராஞ்சியிலோ ஒரு வீட்டின் வாசலைக் கடந்து உள்ளே செல்லும் உரிமை வைத்தியரைவிட அவருக்கே மிகுதி.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து நோக்குவோம். ஒரு பிள்ளையின் நிறை குறைந்து வருவதைக் குடும்பநல மாது அறிவார். அதன் அக்காள் பள்ளிக்கு வராமையை ஆசிரியர் அறிவார். தாயின் கையில் இருமுறை முறிவு ஏற்பட்டதை வெளிநோயாளர் பிரிவு அறியும். தந்தையின் குடியை அயலவர் அறிவர். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சிறிய செய்தி. ஒருங்கே நோக்கின் ஓர் அபாயக் குரல். குணப்படுத்தும் சேவையும் தடுப்புச் சேவையும் இருவேறு நிருவாகங்களாக இயங்குகையில் அக்குரல் எவர் செவியிலும் விழாது. இவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பையே வைத்தியரின் தலைமை என்கிறோம்.

சட்டங்கள் இல்லை என்று கூறுதற்கில்லை. 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவரைக் கொடுமைப்படுத்துதலையும் புறக்கணித்தலையும் குற்றமாக்கியது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் எவருக்கும் திறந்துள்ளது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் வழியே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தைத் திணைக்களத்தில் உத்தியோகத்தரும் உளர். குறைபடுவது சட்டமன்று, அதனை உரிய வேளையில் இயக்கிவைக்கும் முதற் கரமே.

இவ்விடத்து இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. ஒன்று, வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. போரிலே கணவரை இழந்தோ, காணாமலாக்கப்பட்ட கணவரைத் தேடியோ, தனித்துக் குடும்பஞ் சுமக்கும் பெண்கள் வன்னியில் பலர். கூலிக்குச் செல்லும் தாய் பிள்ளையை மூத்த பிள்ளையின் பொறுப்பில் விட்டுச் செல்வது அன்பின்மையாலன்று. பகற் பராமரிப்பு நிலையம் இன்மையாலாகும். அத்தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் காப்புப் பணி சமூகத்தின் பிழையைத் தனிமனிதர் தலையிற் சுமத்துவதாகவே முடியும். அவளுக்கு வேண்டியது விசாரணையன்று, உதவியே.

மற்றொன்று, இரகசியம் பற்றியது. அனைவரும் அனைவரையும் அறிந்த ஊரிலே, 'தாய் என்ன சொன்னாள்' என்பது மாலைக்குள் கடைத்தெருவை எட்டிவிடும். சீருடையைக் கண்டு அஞ்சிப் பழகிய மக்கள், வைத்தியரிடம் சொன்னது பொலிசுக்குப் போகும் எனக் கருதின் வைத்தியசாலைக்கு வருதலையே கைவிடுவர். ஆகவே எதனை இரகசியமாகக் காக்க இயலும், பிள்ளையின் உயிருக்கு ஆபத்து எனில் எதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதை வைத்தியர் முன்கூட்டியே தெளிவுறுத்துதல் வேண்டும். அவர் நீதிபதியல்லர், குற்றத்தை நிரூபித்தல் அவர் வேலையன்று. நியாயமான ஐயத்தைப் பதிந்து உரியவரிடம் சேர்ப்பித்தலும், அதன் பின்னரும் அக்குடும்பத்தைக் கைவிடாதிருத்தலுமே அவருடைய பணி.

நடைமுறையில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பிரதேசத்தின் வைத்தியர் ஒருவர் எழுத்து மூலம் பொறுப்பாளராக்கப்படல். வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பிரதேச செயலகமும் மாதம் ஒருமுறை கூடிப் பேசல். ஐயங்கள் பூட்டி வைக்கப்படும் ஒரு பதிவேட்டில் குறிக்கப்படல். வைத்தியர் இடமாற்றம் பெறும்போது அப்பதிவேடு பின்வருபவரிடம் முறையாக ஒப்படைக்கப்படல் ஆகிய நான்கும் போதிய தொடக்கமாகும். இறுதியாகக் கூறியதே மிக முக்கியமானது. வெளியூரிலிருந்து வந்து ஓரிரு ஆண்டுகளில் மாறிச் செல்லும் வைத்தியருடன் ஊரின் நினைவும் சென்றுவிடலாகாது.

முறையிட்ட குடும்பநல மாதுக்கு அயலவரின் பகைமை நேரும்போது அவருக்குத் துணைநிற்பவரும் இத்தலைவரே. 'இது நான் எடுத்த முடிவு' என்று ஒரு வைத்தியர் முன்வந்து கூறுவாராயின், அதே ஊரில் நாளையும் வீடுவீடாகச் செல்ல வேண்டிய அப்பெண் அச்சமின்றி அடுத்த படலையைத் திறப்பார். அப்படலைக்கு அப்பால் ஒரு பிள்ளை காத்திருக்கக்கூடும்.