சாய்ந்து திரும்பும் வண்டிகள்



தோட்டத்து லாரியில் நின்றபடி பயணம் செய்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். லாரி வலப்பக்கம் திரும்பினால் நாம் இடப்பக்கம் சரிவோம். பக்கப் பலகையைப் பிடித்துக்கொள்வோம், கைப்பிள்ளையை இறுக்கிக்கொள்வோம், பக்கத்தில் நிற்பவர் மீது விழுந்துவிட்டு, "மன்னிச்சிக்குங்க அண்ணே" என்போம். காரும் பஸ்ஸும் இப்படித்தான். வளைவு வந்தால் உள்ளே இருப்பவரை வெளிப்பக்கமாகத் தள்ளும்.

இரண்டு சக்கர வண்டி அப்படிச் செய்வதில்லை. அது வளைவின் உட்புறமாகத் தானே சாய்ந்து திரும்பும். அதன்மேல் இருப்பவரும் அதனோடு சாய்வார். யாரும் யார் மீதும் விழுவதில்லை. இதே குணமுடைய இன்னொரு வண்டி ஆகாய விமானம். மோட்டார் சைக்கிளில் போவதை ஏன் இவ்வளவு பேர் விரும்புகிறார்கள், இறக்கைக்குத் துணி போர்த்திய பழங்காலச் சிறு விமானங்களை இன்றும் சிலர் ஏன் பெருஞ்செலவு செய்து பாதுகாத்துப் பறக்கிறார்கள் என்று கேட்டால், பாதி விடை இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. இன்றைய பேச்சில் அதை விளக்க முற்படுகிறோம்.

பால் வாளி ஒன்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, கையில் பிடித்துத் தலைக்கு மேலாக வேகமாகச் சுற்றிப் பாருங்கள். வாளி தலைகீழாகும்போதும் ஒரு சொட்டுச் சிந்தாது. தண்ணீர் வாளியின் அடியோடு அழுந்தி நிற்கும். சுற்றும்போது வெளிப்பக்கம் செல்லும் வேகமும், கீழே இழுக்கும் எடையும் சேர்ந்து, அந்த வாளிக்கென்று புதிதாக ஒரு "கீழ்த்திசையை" உண்டாக்கிவிடுகின்றன. வளைவில் சரியான அளவு சாய்ந்து செல்லும் மோட்டார் சைக்கிளிலும் இதுவே நடக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு ஓட்டுபவர் கோணலாகத் தெரிவார். ஓட்டுபவருக்கோ, தாம் நேராக அமர்ந்திருப்பதாகவும் நிலந்தான் சாய்ந்துகொண்டதாகவும் தோன்றும். உடம்பு பக்கவாட்டில் எங்கும் இழுபடாது. இருக்கையில் சற்றே கூடுதலாக அழுந்தும், அவ்வளவுதான். இந்த உணர்ச்சிக்காகவே பலர் வளைவுகள் நிறைந்த மலைப்பாதையைத் தேடிப் போகிறார்கள்.

இந்த இரகசியத்தை விமானத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர்கள் சைக்கிள் பழுது பார்த்தார்கள். 1896 முதல் தாமே சைக்கிள் செய்தும் விற்றார்கள். அக்காலத்தில் பறக்கும் இயந்திரம் செய்ய முயன்ற பலர், அது படகைப் போலத் தட்டையாக இருந்தபடியே திரும்ப வேண்டும் என்று எண்ணினார்கள். ரைட் சகோதரர்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை. சாயாமல் சைக்கிள் திரும்பாது என்பதைத் தினமும் கண்டவர்கள் அவர்கள். பறவை திரும்பும்போது இறக்கையின் நுனியை முறுக்குவதையும் கவனித்து, தங்கள் இயந்திரத்தின் இறக்கைகளைக் கயிற்றால் முறுக்கிச் சாய்க்கும் வழியை அமைத்தார்கள். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களது விமானம் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடிதான். கடந்த தூரம் 120 அடி. அதுவும் நேராகத்தான். வானில் ஒரு முழு வட்டம் சுற்றி வர 1904 செப்டம்பர் வரை உழைக்க வேண்டியிருந்தது.

அவர்களுக்குப் போட்டியாக வந்த கிளென் கர்ட்டிஸ் என்பவரும் இதே குலம்தான். சைக்கிள் ஓட்டினார், பிறகு மோட்டார் சைக்கிள் செய்தார். 1907 ஜனவரியில் எட்டு சிலிண்டர் இயந்திரம் பொருத்திய வண்டியில் மணிக்கு 136 மைல் வேகத்தை எட்டினார். அதன்பிறகே விமானம் கட்டும் தொழிலில் முழுமூச்சாக இறங்கினார்.

நேயர்களே, சாய்வு மட்டுமே இன்பமன்று. 1931இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த 'டைகர் மாத்' விமானத்தை எடுத்துக்கொள்வோம். எட்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எத்தனையோ இளைஞர்கள் இதில்தான் பறக்கக் கற்றார்கள். மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கை, மரச்சட்டம், அதன்மேல் துணி, துணி விறைப்பாக நிற்க அதன்மேல் ஒருவகைப் பூச்சு. இயந்திரத்திற்கு நான்கு சிலிண்டர், 130 குதிரை வேகம். நம் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோலவே காற்றால் குளிரும் எஞ்சின். சாதாரணமாக மணிக்கு 90 மைல் போகும். இன்றைய நெடுஞ்சாலையில் ஒரு கார் அதனை முந்திவிடும்!

இந்த விமானத்திற்குப் பிரேக் கிடையாது. எஞ்சினைக் கிளப்பப் பித்தானும் கிடையாது. ஒருவர் முன்னே நின்று காற்றாடியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டாங்கி மேலிறக்கையின் நடுவில், தலைக்கு மேலே இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் உள்ளது என்பதை ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் மிதவை காட்டும். டாங்கியை ஆட்டி ஓசை கேட்டு, "டவுன் வரைக்கும் போகும்" என்று மதிப்பிடுகிற நம் இளைஞர்களுக்கு இது புதிதாக இருக்காது. முன்னும் பின்னும் இரண்டு பேர் அமரலாம். வாத்தியார் முன்னிருக்கையில், மாணவர் பின்னிருக்கையில். காற்றின் இரைச்சலில் பேச்சுக் கேட்காதென்பதால் இருவருக்கும் நடுவே ஒரு பேச்சுக் குழாய் உண்டு. வகுப்பில் நமக்கும் அப்படி ஒரு குழாய் இருந்தால் தொண்டைக்கு நல்லது.

மூடி இல்லாத அந்த இருக்கையில் காற்றே ஒரு கருவியாகிறது. விமானம் சரியாகச் சாய்ந்து திரும்பினால் காற்று நேரே முகத்தில் படும். சாய்வு கூடியோ குறைந்தோ போய் விமானம் பக்கவாட்டில் நழுவினால், ஒரு கன்னத்தில் மட்டும் காற்று அடிக்கும். முள்ளைப் பார்க்காமலேயே கன்னத்தால் பிழையை அறியலாம். மோட்டார் சைக்கிளிலும் நம் தோல் இப்படித்தான் வேலை செய்கிறது. விடியற்காலையில் பள்ளத்தில் இறங்கும்போது சில்லென்ற காற்று முழங்காலைத் தொடும், மேடேறினால் சூடு, பால் ஸ்டோர் அருகே புளித்த பாலின் வாடை, ஆற்றுப் பாலம் வந்தால் சேற்று மணம். காரின் கண்ணாடிக்குள் அமர்ந்திருப்பவர் வழியைப் பார்க்கிறார். இதில் போகிறவரோ வழியினூடே போகிறார்.

இவையெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். விமானத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. 1930ஆம் ஆண்டு மே மாதம் ஏமி ஜான்சன் என்னும் 26 வயது ஆங்கிலப் பெண் 'ஜிப்ஸி மாத்' என்னும் சிறு விமானத்தில் தன்னந்தனியே இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார். 19 நாள் பயணம். வழியில் மலாயாவைக் கடந்து சிங்கப்பூரிலும் இறங்கினார். அதே ஆண்டில்தான் ரப்பர் விலை வீழ்ந்தது. கீழே தோட்டங்களில் வேலை இழந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே வானத்தின் கீழ் இரண்டு விதமான பயணங்கள். இதை மறந்துவிட்டு அப்பெண்மணியைப் புகழ நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவர் புகழுக்கு உரியவரே. அவர் கோடீசுவரி அல்லர். அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். பறக்கக் கற்றதோடு நில்லாமல், கைகளில் கிரீஸ் படிய எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்று, அதற்குரிய சான்றிதழையும் பெற்றார். இரங்கூனுக்கு அருகே இன்சீனில் தரையிறங்கியபோது விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை சேதமடைந்தது. அங்கிருந்த தொழிற்கல்லூரியாரின் உதவியோடு அதைச் சரிசெய்துகொண்டு மீண்டும் புறப்பட்டார். விமானம் வாங்க அவர் தந்தையும் வேக்பீல்டு பிரபு என்னும் எண்ணெய் வியாபாரியும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பிரபுவின் எண்ணெய்தான் நம் மோட்டார் சைக்கிள் கடைகளில் விற்கும் 'காஸ்ட்ரால்'. தொடக்கத்தில் அதில் விளக்கெண்ணெய் கலந்திருந்தார்கள். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே அந்தப் பெயர். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் அதே விளக்கெண்ணெய்!

மோட்டார் சைக்கிள் கதை வேறு. 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. கையால் இழுக்கும் கிளச் இல்லை. கால் வைக்க இடம் தாழ்வாக இருந்ததால் சேலையோ கைலியோ கட்டியவரும் எளிதில் ஏறலாம். 2017க்குள் இவ்வகை வண்டிகள் பத்துக்கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லப்பெயர் பெற்றது இந்த இனந்தான். தோட்டத்து மனிதன் தன் சொந்த இயந்திரத்தில் தான் நினைத்த நேரத்தில் வெளியே போய்வர முடிந்தது இதனால்தான். ஐந்து கட்டை தூரத்துப் பட்டணத்திற்கு லாரிக்காகக் காத்திருந்தவருக்கு, அந்த முதல் பயணம் விமானப் பயணத்துக்குக் குறைந்ததன்று.

இனி, நம் மனத்தை அழுத்தும் பகுதிக்கு வருகிறோம். தோட்டங்களில் இளம்பிள்ளைகள் பலரை இந்த வண்டியின் மீதே பறிகொடுத்திருக்கிறோம். "வேகமாப் போகாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. ஏன் என்று கணக்காகச் சொல்லலாம்.

ஒரு வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று கொள்வோம். அதில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 27 பாகை சாய வேண்டும், சுகமான சாய்வு. வேகத்தை 54 ஆக்குங்கள். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. வெளியே தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்காகிறது. இப்போது 49 பாகை சாய வேண்டும். காய்ந்த தார்ச்சாலையிலேயே சாதாரண டயர் அதைத் தாங்காது. பொடிக்கல் உருளும் செம்மண்ணிலும், மழையில் நனைந்த இலை கிடக்கும் வளைவிலும் முதல் சாய்வுகூட ஆபத்துதான். விமானத்திலும் இதற்கு ஒப்பான கணக்கு உண்டு. 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால், இறக்கைகள் சுமக்க வேண்டிய பாரம் இரண்டு மடங்காகும். மணிக்கு 70 கிலோமீட்டரில் மிதக்கக்கூடிய விமானம் 100க்குக் கீழே வந்தாலே மிதக்க முடியாமல் விழத் தொடங்கும். ஆகையால் வேகத்தை வளைவுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். சாய்ந்த பிறகு பிரேக்கை அழுத்துவது டயரின் பிடிப்பைத் திருடுவதாகும்.

பின்னால் அமர்பவரும் கவனிக்க வேண்டும். வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டுபவர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க நேரிடும். அவருடைய தோளோடு தோளாகச் சாய்வதே பாதுகாப்பு.

தலைக்கவசத்தின் வரலாறும் இவ்விரு இயந்திரங்களையும் நேசித்த ஒருவரோடு பிணைந்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், பிரிட்டிஷ் விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து உழைத்தவர். 'பிரஃப் சுப்பீரியர்' என்னும் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் ஏழு, ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் இருந்தன. சாலையில் தாமும் வானில் ஒரு விமானமுமாகப் பந்தயம் ஓடியதை அவரே எழுதியிருக்கிறார். 1935 மே 13ஆம் நாள், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் ஒதுங்க முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46ஆம் வயதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் அந்த மரணத்தை மறக்கவில்லை. போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிரைக் காக்கிறது என்று 1941இல் எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது சட்டமானது 1973இல். மலேசியாவிலும் அதே ஆண்டில்தான். கன்னத்து வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்வது போலீஸ்காரருக்குக் காட்டும் வேடிக்கையே தவிர, விழும்போது கவசம் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போகும்.

டைகர் மாத் ஓட்டி, ஏறுவதற்கு முன் தம் விமானத்தை ஒருமுறை சுற்றி வருவார். இறக்கைக் கம்பிகளை இழுத்துப் பார்ப்பார். துணியில் கிழிசல் உண்டா எனத் தடவுவார். பெட்ரோலில் தண்ணீர் கலந்துள்ளதா எனச் சிறிது வடித்துப் பார்ப்பார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அமைப்பு இரண்டு உண்டு; ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி, மற்றதன் துணையில் எஞ்சின் ஓடுகிறதா என்று சோதிப்பார். இது பயந்தவர் செயலன்று. பறப்பின் இன்பமே அங்கே தொடங்குகிறது என்று அவர்கள் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இதில் கால்பங்கு வேலைதான்: செயின் எவ்வளவு தொய்கிறது, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, பின்விளக்கு எரிகிறதா, டயரின் வரிகள் தேய்ந்துவிட்டனவா, காற்று போதுமா. மூன்று நிமிடத்தில் முடியும்.

டயரைத் தொடும்போது ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்தும், பெரிய விமானங்களின் டயருக்கு இன்றும் மரத்துப் பால் ரப்பரே முதன்மையானது. தரையிறங்கும் நொடியில் எழும் சூட்டையும் கிழிசலையும் அதுதான் நன்றாகத் தாங்குகிறது.